சிறுத்தைக்குச் செய்தி, தொழிலாளிக்கு விதியா?



தேயிலை மலையில் சிறுத்தை தெரிந்தால் கொழும்புப் பத்திரிகைக்கு அது அதிசயம். தொலைக்காட்சிக்கு நல்ல படம். உல்லாசப் பயணிக்கு ஊருக்குப் போய்ச் சொல்லும் கதை. கொழுந்துக் கூடையோடு நிற்கும் நம் பெண்களுக்கோ, மறுநாள் காலையிலும் அதே நிரைக்குள் இறங்க வேண்டும். அதைப் பற்றி எழுத ஆளில்லை. ஆகவே நாம் எழுதுகிறோம்.

2020 மே 26ஆந் திகதி நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. இலங்கையில் கருஞ்சிறுத்தை அற்றுப்போய்விட்டது என்று பலர் எண்ணியிருந்த காலம் உண்டு. 2019இல்தான் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமெராவில் உயிரோடு ஒன்று பதிவானது. அப்படிப்பட்ட மிருகம் பன்றிக்கு வைத்த கம்பியில் அகப்பட்டு, உடவளவைக்குக் கொண்டு போய் வைத்தியம் பார்த்தும், 29ஆந் திகதி செத்துப் போனது. நாடே கவலைப்பட்டது. கவலைப்பட வேண்டியதுதான். இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத சிறுத்தை இனம் அது. நமது சங்கம் அந்த மிருகத்துக்கு எதிரி அல்ல.

ஆனால் அந்தக் கவலையோடு ஒரு பேச்சும் கிளம்பியது. "தோட்டத்து ஆட்கள்தான் கம்பி கட்டுகிறார்கள், அவர்களுக்குக் காட்டின் அருமை தெரியாது" என்ற பேச்சு. இதற்கு மறைக்காமல் பதில் சொல்வோம்.

கம்பி கட்டுகிறவர்கள் நம் லயங்களிலும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சிறுத்தையைக் காக்கிறது. பன்றிக்குத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது, நாய் எது, விறகு பொறுக்கப் போன பிள்ளையின் கால் எது என்று தெரியாது. கம்பியில் மாட்டித் துடிக்கும் சிறுத்தையை விட ஆபத்தான சிறுத்தை மலையில் கிடையாது. ஆகவே, கம்பி கட்டும் தம்பிமாருக்கு முதலில் சொல்கிறோம்: நிறுத்துங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கப் போவது உங்கள் அம்மாவும் அக்காவும்தான்.

இதைச் சொல்லிவிட்ட பிறகு கேட்கிறோம். காட்டின் அருமையை நமக்குப் படிப்பிக்க வருகிறவர்கள் பதுளையின் பழைய ஏட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தார்களா? பதுளையில் வெள்ளைக்கார அரசாங்கத்தின் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சரித்திரம் சொல்கிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். காட்டை வெட்டிக் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் பிரித்துக் கொடுத்தவர்கள் துரைமார்கள். வெட்டச் சொன்ன இடத்தில் வெட்டிச் செத்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். காட்டை அழித்த இலாபத்தில் நமக்குப் பங்கு தரவில்லை. அழித்த பழியில் மட்டும் பங்கு தருகிறார்கள்.

இன்றைய நிலையைப் பாருங்கள். ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து இறங்கும் காட்டுச் சரிவு இதல்கஸ்ஹின்ன, ஹல்துமுல்ல பக்கமெல்லாம் தேயிலையோடு ஒட்டிக் கிடக்கிறது. உச்சியில் ஒரு துண்டுக் காடு, ஆற்றோரம் ஒரு துண்டுக் காடு, நடுவில் தேயிலை. சிறுத்தை இந்தத் துண்டுகளுக்கிடையே தேயிலை வழியாகத்தான் நடக்கும். மரை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, லயத்து நாய் என்று அகப்பட்டதைத் தின்னும். மனிதனைத் தேடி வேட்டையாடுவது அதன் வழக்கமல்ல. இந்த நாட்டில் ஆட்கொல்லிச் சிறுத்தை என்றால் இன்றைக்கும் 1924இல் புனானையில் சுடப்பட்ட ஒன்றைத்தான் பேசுகிறார்கள். நூறு வருடத்துக்கு முந்திய கதை அது.

பிறகு ஏன் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து எடுத்தவர்கள் சிறுத்தை பாய்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்? அது படுத்திருந்த இடத்தை அவர்கள் மிதிக்கும் தூரத்துக்குப் போனதால். ஏன் அவ்வளவு தூரம் போக நேர்ந்தது? இரண்டடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியாத அளவுக்குப் புல்லும் பற்றையும் மண்டியதால். ஏன் மண்டியது? காலத்துக்குக் கவ்வாத்து இல்லை, புல்லு வெட்டு இல்லை, கான் வெட்டு இல்லை. ஆட்செலவைக் குறைக்க மலைகளைக் கைவிடுகிறார்கள். கைவிட்ட மலையில் பன்றி குட்டி போடுகிறது. பன்றிக்குப் பின்னால் சிறுத்தை வருகிறது. அதற்குப் பக்கத்து நிரையில் நமது ஆட்களை நிறுத்தி, கிலோக் கணக்குக் கேட்கிறார்கள்.

சிறுத்தையாவது செய்தியாகிறது. குளவி அதுவும் இல்லை. நாம் குளவி என்று பொதுவாகச் சொல்வதில் பெருங்குளவியும் உண்டு, மரத்தில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீயும் உண்டு. பருந்து கொத்தினாலும் காற்றில் கிளை ஆடினாலும் கூடு கலையும். கலைந்தால் நூற்றுக்கணக்கில் வரும். சரிவில், கூடையோடு, கம்புக்கும் கானுக்கும் இடையில், வயதான ஓர் அம்மா எங்கே ஓடுவது? மலையகத்தில் குளவி கொட்டி இறந்தவர்களின் பெயர்கள் பத்திரிகையின் உள்பக்க மூலையில் நான்கு வரியில் முடிந்துவிடுகின்றன. "குளவிக் கொட்டுக்கு இலக்காகி" என்று எழுதுகிறார்கள். யார் அந்த மரத்தடிக்கு அனுப்பினார்கள் என்று எழுதுவதில்லை.

நிர்வாகத்தின் பதில் நமக்கு மனப்பாடம். "காட்டு மிருகத்துக்கு நாங்கள் பொறுப்பா?" என்பார்கள். காட்டு மிருகத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. எந்த மலையில் இன்றைக்குக் கொழுந்து என்று பிரட்டில் தீர்மானிக்கிறது யார்? அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பேற்றபோது விளையும் மலையை மட்டும் ஏற்கவில்லை. பற்றை மண்டிய மலையும் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது.

"கூட்டைத் தொட்டால் சட்டப் பிரச்சினை" என்பார்கள். கூட்டைத் தொடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கூடு இருக்கும் மலைக்கு ஆளை அனுப்பாதே என்றுதான் கேட்கிறோம். அப்புறப்படுத்த வேண்டியிருந்தால் தெரிந்தவர்களைக் கொண்டு, மலையில் ஆளில்லாத நேரத்தில் செய்யுங்கள்.

"விதி" என்பார்கள் கடைசியில். இந்தச் சொல்லுக்கு மீரியபெத்தவில் இருந்து பதில் சொல்கிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மீரியபெத்த மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றவர்களுமில்லை. அதையும் விதி என்றார்கள். ஆனால் அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நிலம் தேடி, ஆட்களைக் குடியேற்றி முடிக்கும் பொறுப்பு யாருடையதாகவும் இருக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டினார்கள். மலை காத்திருக்கவில்லை.

மலைச்சரிவும் சிறுத்தையும் ஒன்றல்ல. ஆனால் ஆள் சாவதற்கு முன்னால் அடையாளம் தெரிகிறது என்பது இரண்டுக்கும் பொது. கானோரம் சிறுத்தையின் கால் தடம் இருந்தது, லயத்து நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின, சவுக்கு மரத்தில் அடை தொங்கியது என்று எல்லாம் ஆட்களுக்குத் தெரியும். கங்காணிக்கு வாயால் சொல்வார்கள். கங்காணி கணக்கப்பிள்ளைக்கு வாயால் சொல்வார். வாயால் சொன்னது காற்றோடு போகும். பிறகு விசாரணையில் "எங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை" என்று எழுதுவார்கள்.

ஆகவே தோழர்களே, இனி வாயால் சொல்வதோடு நிற்காதீர்கள். எழுதிக் கொடுங்கள். எந்த நம்பர் மலை, எந்தத் திகதி, என்ன நேரம், யார் கண்டது என்று எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து மற்றதில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதையும் எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். சிறுத்தையைக் கண்டாலோ, கம்பியில் மாட்டியிருந்தாலோ கூட்டம் கூடாதீர்கள், படம் பிடிக்கக் கிட்டப் போகாதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இவைதான்.

எழுத்தில் அறிவித்த மலை பார்த்துச் சரி செய்யப்படும்வரை அங்கே வேலை வேண்டாம். வேறு மலையில் வேலையும் முழுப் பேரும் வேண்டும். ஆள் நடக்கும் மலையில் புல்லும் பற்றையும் காலத்துக்கு வெட்டப்பட வேண்டும். குளவி கொட்டியவரையும் மிருகம் தாக்கியவரையும் கொழுந்து லொறிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வாகனம் வேண்டும். அன்றைய நாளுக்கு அரைப்பேர் போடும் அநியாயம் நிற்க வேண்டும்.

நட்டஈடு யாரும் போடும் பிச்சை அல்ல. வேலையில், வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கொழுந்து எடுக்கும்போது கொட்டிய குளவியும், புல்லு வெட்டும்போது பாய்ந்த சிறுத்தையும் வேலையில் நேர்ந்தவையே. வைத்தியச் சீட்டு, சம்பளச் சீட்டு, அன்றைக்குப் பிரட்டில் பெயர் போட்ட விபரம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். சவப்பெட்டிக்கும் சாவு வீட்டுச் செலவுக்கும் கொஞ்சம் காசைக் கையில் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்க வருவார்கள். சங்கத்துக்குக் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கருஞ்சிறுத்தை செத்தபோது, ஏன் செத்தது, யார் பொறுப்பு, இனி எப்படித் தடுப்பது என்று நாடு கேட்டது. சரியான கேள்விகள். அதே மூன்று கேள்விகளைத் தேயிலை மலையில் சாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கேட்க வைப்போம். எழுதிக் கொடுத்த தாளும், அதன் பின்னால் நிற்கும் சங்கமும் இருந்தால் கேட்க வைக்க முடியும்.