சுருங்கினால் உறுதி



லூர்து நகருக்கு அண்மையிலுள்ள பியார்ன் மலைச்சாரலில் ஆடு மேய்ப்போர் அணிந்த வட்டக் கம்பளித் தொப்பிக்குப் 'பெரே' என்று பெயர். 1858-இல் தேவதாயின் காட்சி பெற்ற புனித பெர்நதெத்தம்மாளும் அவ்வாண்டின் தொடக்கம்வரை பார்த்ரேஸ் சிற்றூரில் ஆடு மேய்த்த சிறுமியே.

முன்பு கையாலும், பின்னர் பின்னல் இயந்திரத்தாலும் அத்தொப்பியைத் தேவைக்கு மிகப் பெரிதாகப் பின்னினர். பின்பு சோப்பு கலந்த வெந்நீரில் இட்டு அடித்துக் கசக்குவர். இழைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, தொப்பி சுருங்கித் தடிக்கும், பின்னற்கண்கள் மறையும். பிறகு மழை எளிதில் ஊடுருவாது; கத்தரித்தாலும் இழை பிரியாது.

சொத்துத் தகராறில் பேச்சற்றுப்போன சகோதரர் இருவர் அண்மையில் என்னிடம் வந்தனர். "எனக்குரியதில் ஓர் அங்குலமும் குறையலாகாது" என்று இருவருமே சாதித்தனர். அவர்களை ஒன்றுசேர்க்க என்னால் இயலவில்லை. தாயாரோ இரு வீட்டுக்கும் நடுவே கண்ணீரோடு நிற்கிறார்.

விட்டுக்கொடுத்தல் ஒருவர் தலையில் மட்டும் சுமத்தப்படலாகாது. கம்பளியில் எல்லா இழைகளுமே நெருங்கி வருகின்றன. இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்தபின், "நான் எதில் சற்றுச் சுருங்கலாம்?" என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வோமாக.