பாட்டிலில் வருமா மைலேஜ்?

ஸ்ரீபெரும்புதூர்: "டேங்கில் ஒரு மூடி ஊத்துங்க, லிட்டருக்கு 10 கிலோ மீட்டர் கூட ஓடும்!" இப்படிச் சொல்லி விற்கும் பாட்டில்களுக்குப் பஞ்சமே இல்லை. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் ஆசை யாரை விட்டது?

உண்மை என்ன? மைலேஜைக் கூட்டும் என்று சொல்லப்பட்ட 100-க்கும் மேற்பட்ட சரக்குகளை அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்தது. உருப்படியாகக் கூட்டியது ஒன்றும் இல்லை!

காரணம் சுலபம். நல்ல என்ஜினில் பெட்ரோல் அநேகமாக முழுசும் எரிந்துவிடுகிறது. வீணாவது சூடாகத்தான் போகிறது. அதைப் பாட்டில் பிடித்து நிறுத்துமா? அழுக்கை எடுக்கும் மருந்து உண்டு. அது, இழந்த மைலேஜில் கொஞ்சம் திருப்பித் தரலாம். அவ்வளவுதான்.

1996-ல் "மூலிகை பெட்ரோல்" என்று நாடே பரபரத்ததே, அதுவும் விஞ்ஞானிகள் சோதனையில் நிற்கவில்லை.

காரும் பைக்கும் ஒரகடத்திலேயே தயாராகின்றன. வண்டிகளைச் சோதிக்கும் மத்திய அரசு மையமும் அங்கேயே இருக்கிறது. ஒரு மூடியில் மைலேஜ் கூடுமானால் கம்பெனிக்காரன் சும்மா விடுவானா? விளம்பரத்தில் முதல் வரியே அதுதானே!

டயரில் சரியான காற்று, காலாகாலத்தில் சர்வீஸ், 50-ஐ ஒட்டிய நிதான வேகம். மிச்சம் பிடிக்க வழி இதுதான். பாட்டிலுக்குக் கொடுக்கும் காசுக்குப் பெட்ரோலே போட்டுக்கொள்ளலாம். அதுவாவது நிச்சயம் ஓடும்!