பழைய கரோக்கி பொட்டி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

வெள்ளிமலையில வாத்தியாரா இருக்கிற மச்சினன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, கள்ளக்குறிச்சியில பழைய கரோக்கி பிளேயர் ஒண்ணு டிஸ்க்கோட வருது. அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு வாங்கிடவா?"

வேணாம்னுட்டேன். மனுஷன் அன்னிக்கு மைக்கைப் பிடிச்சே தீருவேன்னு இருக்கார். பொட்டி காலை வாரினா மானம் போயிடும்.

டிஸ்க் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி வட்டம்தான், உள்ளே சரக்கு வேற. சிடி பிளஸ் ஜின்னு ஒரு வகை. பாட்டு சாதாரண ஆடியோ சிடி மாதிரியே இருக்கும். வரிகள் மட்டும் சப்கோடுங்கிற சந்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அந்தச் சந்தைப் படிக்கத் தெரிஞ்ச பிளேயர்லதான் டிவியில எழுத்து வரும், அதுவும் 16 கலர்ல. மத்ததுல வெறும் இசைதான். சாதாரணமா காப்பி அடிச்சா வரிகள் அம்பேல். நானே அப்படி ரெண்டு டிஸ்க் எரிச்சுட்டு, வெறும் டிவியை முறைச்சுப் பார்த்திருக்கேன் :-)

விசிடி (1993ல வந்த வடிவம்) பரவாயில்லை. படம் சுமார்தான், ஆனா பெரும்பாலான டிவிடி பிளேயர்ல ஓடும். பல கரோக்கி விசிடியில ஒரு பக்க சேனல்ல பாடகர் குரலோட, இன்னொரு பக்கம் குரல் இல்லாம இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தா வேலை முடிஞ்சது.

பொட்டியில "வாய்ஸ் கேன்சல்" பட்டன் இருக்குன்னு கடைக்காரர் பெருமையா சொன்னாராம். அது இடது சேனல்லேருந்து வலதைக் கழிக்கிற கணக்கு. ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கிற குரல் போயிடும். மாமனார் பாடப்போறதெல்லாம் அறுபதுகளின் டி.எம்.எஸ். பாட்டு. அதெல்லாம் மோனோ சாமி! ரெண்டு சேனலும் ஒண்ணுதான். கழிச்சா குரலோட தபலா, வயலின் எல்லாம் சேர்ந்து காலி.

யூடியூப்ல போட்டுக்கலாமேன்னான். கல்வராயன் மலையில சிக்னலை நம்பி மேடை ஏறுறதா? முன்னாடியே கரோக்கி வீடியோவை பென்டிரைவ்ல ஏத்தி, டிவியில சொருகிப் பார்த்துடணும். டிவியிலேருந்து ஆம்பிளிஃபயருக்கு ஒயர், மைக்கும் ஒயர் மைக். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். சத்தம் ஒரு நொடிக்குள்ள ஒரு துளி லேட்டா வரும். படம் பார்க்கிறவனுக்குத் தெரியாது, பாடுறவனுக்குத் தாளம் தப்பும்.

ஒத்துக்கிட்டான். அஞ்சு மீட்டர் மைக் ஒயர் போதுமான்னு இப்ப கேட்கிறான். மாமனார் நடந்துக்கிட்டே பாடுவார், பத்து மீட்டரா வாங்குடான்னேன்.