கொட்டவா, இறக்கவா?

டிராக்டர் வாங்கிய கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும்: பின்னால் மாட்ட டிப்பரா, சாதா டிரெய்லரா? லிவரை இழுத்தால் தொட்டி எழும், இரண்டே நிமிடத்தில் லோடு தரையில் கிடக்கும். யாருக்கும் டிப்பர் மீதுதான் ஆசை வரும். ஆனாலும் இரண்டு மூன்று ஏக்கர்காரர் கடன் போட்டு டிப்பர் வாங்கக் கூடாது என்பேன்.

வயலுக்கும் வீட்டுக்கும் போய்வரும் சரக்கில் கொட்டுவது உண்டு, இறக்குவது உண்டு. எரு, மண், ஜல்லி கொட்டுபவை. நெல் மூட்டை, வாழைத்தார், செங்கல், நாற்றுக்கட்டு எல்லாம் இறக்குபவை. வாழைத்தாரைக் கொட்டிப் பாருங்கள், காயெல்லாம் கன்றிப்போய் வியாபாரி பாதி விலைக்குக் கேட்பார்.

கொட்டும் வேலையில் டிப்பருக்கு இணை கிடையாது. ஏரி வண்டலை நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் வரை எடுத்துக்கொள்ள அனுமதி தருகிறார்கள். ஒரு நடைக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி என்று வைத்தால் 26, 27 நடை. அவ்வளவையும் மண்வெட்டியால் தள்ளி இறக்கினால் ஆள் கூலியே வண்டலின் பலனைத் தின்றுவிடும். தொழு உரமும் அப்படித்தான். ஹெக்டேருக்கு 12.5 டன் என்பது பரிந்துரை, ஏக்கருக்கு 5 டன் வருகிறது. டிப்பரைச் சற்றே தூக்கி மெல்ல நகர்த்தினால் வரிசையாகக் குவியல் விழும்.

சரி, வருடத்தில் எத்தனை நாள்? வண்டல் ஆண்டுதோறும் அடிப்பதில்லை. எரு பட்டத்துக்கு ஓரிரு நாள். மற்ற நாளெல்லாம் மூட்டையும் கட்டும்தான். ஜாக்கியும் இரட்டைச் சட்டமும் இருப்பதால் டிப்பரின் தளம் பொதுவாக உயரம். தலையில் மூட்டையோடு நிற்கும் பெண் அந்த அரை அடியை எக்கி ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது சிறிய அளவாகத் தெரியாது. சாதா டிரெய்லரில் மூன்று பக்கப் பலகையையும் இறக்கிவிடலாம்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஈர வண்டல் தொட்டியில் ஒட்டிக்கொண்டு கீழே வராது. டிரைவர் இன்னும் தூக்குவார், வண்டியை முன்னும் பின்னும் வெட்டி இழுப்பார். ஒரு சக்கரம் வரப்பில் ஏறி நின்றால் போதும், தூக்கிய தொட்டியோடு வண்டி பக்கவாட்டில் சாயும். மேலே மின்கம்பி போகிறதா என்று அந்த அவசரத்தில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தூக்கிய தொட்டிக்கு முட்டுக் கொடுக்காமல் அடியில் புகுந்து கிரீஸ் வைப்பது அதைவிட மோசம். எண்ணெய் பைப் வெடித்தால் விலக நேரம் கிடைக்காது.

ஆகவே டிப்பர் ஊருக்குப் பொதுவாக இருக்கட்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் வாடகை டிராக்டர் ஏற்கெனவே உண்டு. அதோடு ஒரு டிப்பரையும், அதைத் தூக்கி இறக்கப் பழகிய டிரைவரையும் சேர்த்துத் தந்தால், ஏரி திறக்கும் கோடையில் ஊரே முறை வைத்து மண் அடித்துக்கொள்ளும்.

சொந்தமாக வாங்கும் சாதா டிரெய்லருக்குப் பட்டறையில் பிரேக் வைக்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பலர் வைப்பதில்லை. பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டரும் வேண்டும். அறுவடை நாளில் மூட்டையோடு வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது.