மாற்று மருந்து: நம்பிக்கையும் நிஜமும்

உடலில் எங்கோ தொடங்கிய தொற்று, உடலின் எதிர்ப்பு சக்தியையே தறிகெட்டு ஓட வைக்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்கின்றன. ரத்த அழுத்தம் சரிகிறது. சிறுநீரகம், கல்லீரல், மூளை எல்லாமே தடுமாறுகின்றன. இதுதான் செப்டிக் ஷாக்.

சலைன் ஏற்றியும் அழுத்தம் நிமிராவிட்டால் டாக்டர்கள் முதலில் நாடுவது நார்அட்ரினலின். அதுவும் போதாதபோதுதான் மாற்று மருந்துக்கான தேடல். அதில் ஏமாற்றங்களே அதிகம்.

2001இல் அமெரிக்காவில் பெரும் எதிர்பார்ப்போடு அனுமதி பெற்றது சைக்ரிஸ். உயிர்களைக் காப்பதாகப் பின்னர் நடந்த பெரிய ஆய்வில் தெரியவில்லை. 2011இல் தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அடுத்து வந்தது வைட்டமின் சி. அமெரிக்க டாக்டர் பால் மாரிக் அதை தயாமின், ஹைட்ரோகார்டிசோனுடன் சேர்த்து 47 நோயாளிகளுக்குக் கொடுத்தார். இறந்தவர்கள் 4 பேர். அதற்கு முன் இந்தச் சிகிச்சை பெறாத 47 பேரில் இறந்தவர்கள் 19. 2017இல் வெளியான இந்தக் கணக்கு உலகையே நிமிர்ந்து பார்க்க வைத்தது. மலிவான மருந்து, ஆபத்தும் இல்லை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 2020இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசிலில் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. 2022இல் 872 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் மோசம். மரணம் அல்லது உறுப்புச் செயலிழப்பு, வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம்.

தாக்குப்பிடித்தவையும் உண்டு. வாசோபிரஸின் 2008 ஆய்வில் மொத்த மரணங்களைக் குறைக்கவில்லை. ஆனாலும் நார்அட்ரினலின் அளவைக் குறைக்க உதவுவதால் இரண்டாவது மருந்தாக இடம் பிடித்துவிட்டது. ஹைட்ரோகார்டிசோன் நோயாளியை ஷாக்கிலிருந்து சீக்கிரம் மீட்கிறது. உயிர் காக்கிறதா என்பதில் 2018இன் இரு பெரிய ஆய்வுகளும் முரண்பட்டன. 2017இல் அனுமதி பெற்ற ஆஞ்சியோடென்சின் 2 அழுத்தத்தை உயர்த்துகிறது. ஆனால் மானிட்டரில் எண் ஏறுவதும் நோயாளி பிழைப்பதும் ஒன்றல்ல. சாயமாகப் பழக்கப்பட்ட மெதிலீன் ப்ளூ இன்னும் சோதனைக் கட்டத்தில்தான்.

ஐசியு வாசலில் தவிக்கும் குடும்பம் "வேறு மருந்து இல்லையா?" என்று கேட்பது இயல்பு. அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: ஆன்டிபயாட்டிக் எப்போது கொடுக்கப்பட்டது? தொற்றின் ஊற்றுக்கண் அடைக்கப்பட்டதா? ஷாக் என்று தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் என்கின்றன சர்வதேச விதிமுறைகள். தவறவிட்ட அந்த நேரத்தை எந்த மாற்று மருந்தாலும் திருப்பித் தர முடியாது.