காகிதத்தில் பிறந்த கார்டெல்

சிமெண்ட் கம்பெனிகள் சேர்ந்தாற்போல விலையை ஏற்றினால் 'கார்டெல்' என்று புகார் கிளம்புகிறது. கொலம்பியாவின் போதை மருந்துக் கும்பல்களுக்கும் அதே பெயர்தான். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் ஒபெக்கும் இந்தப் பெயரிலிருந்து தப்பவில்லை. ஆனால் இந்தச் சொல் சந்தையில் பிறந்ததல்ல.

லத்தீனில் 'கார்ட்டா' என்றால் தாள். ரேஷன் கார்டில் உள்ள கார்டுக்கும் அதுவே வேர். இத்தாலியர்கள் அதைச் சிறிதாக்கி 'கார்ட்டெல்லோ' என்றார்கள்: துண்டுச் சீட்டு, அறிவிப்பு. பிரான்சுக்குப் போனதும் அது ஒற்றைக்கு ஒற்றை வாள் சண்டைக்கு அழைக்கும் ஓலையானது. பிறகு, போரிடும் இரு நாடுகள் கைதிகளைப் பரிமாறிக்கொள்ள எழுதிக்கொண்ட உடன்படிக்கை. கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பலைக் 'கார்டெல் கப்பல்' என்றே ஆங்கிலேயர்கள் அழைத்தார்கள். பகை தீரவில்லை, காரியத்துக்காக மட்டும் கைகுலுக்கல்.

ஜெர்மானியர்களுக்கு இந்த அர்த்தம் பிடித்துவிட்டது. 1887இல் பிஸ்மார்க்கை ஆதரித்த கட்சிகளின் தேர்தல் கூட்டணிக்குக் 'கார்ட்டெல்' என்று பெயர் (நம்மூர்க் கூட்டணிகளுக்கும் பொருந்தாத பெயரல்ல). தொழிலதிபர்களும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 1893இல் எஸ்ஸன் நகரில் உருவான நிலக்கரி சிண்டிகேட், எந்தச் சுரங்கம் எவ்வளவு விற்கலாம், என்ன விலைக்கு என்று தீர்மானித்தது. எல்லாம் எழுத்தில். அமெரிக்கா 1890லேயே இத்தகைய ஏற்பாடுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஜெர்மன் உச்ச நீதிமன்றமோ கார்டெல் ஒப்பந்தம் செல்லும் என்று 1897இல் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டவர் வாக்கு மீறினால் கோர்ட்டுக்கு இழுக்கலாம்!

இன்று அப்படி எழுதி வைப்பது தானே விலங்கை மாட்டிக்கொள்வது போல. அதனால் இந்தியாவின் 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் காகிதத்தைக் கேட்பதே இல்லை. உற்பத்தியாளர்களோ வியாபாரிகளோ தமக்குள் பேசிக்கொண்டு விலையையும் விற்பனையையும் கட்டுப்படுத்த முயன்றாலே கார்டெல்தான். எழுத்து வேண்டாம், வாய்மொழிப் புரிதல் போதும்.

ஆனால் புரிதலுக்குச் சாட்சி எங்கே? அதற்குச் சட்டம் கண்ட வழி, அப்ரூவர். முதலில் வந்து உண்மையைக் கொட்டுபவருக்கு அபராதம் முழுவதையும்கூடத் தள்ளுபடி செய்யலாம். டார்ச் லைட்டில் போடும் பேட்டரி செல்களின் விலையைப் பேசிவைத்து நிர்ணயித்ததாக 2018 ஏப்ரலில் போட்டி ஆணையம் அளித்த உத்தரவில் இது நடந்தது. சலுகை போகவே எவரெடிக்கு 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். நிப்போ செல்களைத் தயாரிக்கும் சென்னை நிறுவனமான இந்தோ நேஷனலுக்கு 42 கோடி. உற்பத்தியாளர் சங்கமும் தப்பவில்லை. முதலில் போய்ச் சொன்ன பானசோனிக்கின் இந்தியக் கம்பெனிக்கு அபராதம் பூஜ்யம்.