பட்டத்தின் பெறுமதி

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஓகஸ்ட் மாதத்தில் எம்மவர் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "அந்தப் பல்கலைக்கழகம் எத்தனையாம் இடம்?" என்பதே. தரவரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிக்கும் பெற்றோர் பலர். அப்பட்டியல் எதனை அளக்கின்றது என்று கேட்போர் மிகச் சிலர்.

2003ஆம் ஆண்டு சீனாவின் ஷங்காய் நகரில் தொடங்கப்பெற்ற பட்டியலையே எடுத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 30 புள்ளிகள், நோபல் பரிசோ கணிதத்துக்கான பீல்ட்ஸ் பதக்கமோ பெற்ற பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரியவை. எஞ்சியவற்றிற் பெரும்பகுதி ஆய்வுக்கு உரியது. முதலாண்டு மாணவனுக்கு விளங்காத பாடத்தை மறுமுறையும் பொறுமையோடு விளக்கும் விரிவுரையாளருக்கு அதில் ஒரு புள்ளியேனும் இல்லை. ஆய்வை அளக்க அது உதவலாம். கற்பித்தலை அளக்க உதவாது.

பெற்றோர் முதலில் அறியவேண்டியது, பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே. பிரித்தானியாவில் உரிமையற்ற நிறுவனம் பட்டம் வழங்குவது 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டப்படி குற்றமாகும். எனினும், தாமே பட்டம் வழங்காது வேறொரு பல்கலைக்கழகத்தின் பாடநெறியை நடத்தும் கல்லூரிகளும் உள்ளன. அதிலே தவறில்லை. ஆயினும் சான்றிதழில் எவர் பெயர் பொறிக்கப்படும் என்பதைக் கட்டணம் செலுத்துமுன் கேளுங்கள். விளம்பரத்தின் வண்ணப்படம் அதனைச் சொல்லாது.

"படித்து முடித்து யாழ்ப்பாணத்தில் வேலை செய்யலாமா, சேர்?" என்று எமது மாணவி ஒருத்தி அண்மையில் வினவினாள். இவ்வினா எழுவதே பெருமகிழ்ச்சி. ஆனால் விடை எளிதன்று. இலங்கையிற் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஏற்கத்தக்கதா என்பதை அனைத்துலகப் பல்கலைக்கழகக் கைந்நூல் போன்ற தொகுப்புகளில் அதன் பெயர் உள்ளதா என்று நோக்கியே கூறும். எத்தனையாம் இடம் என்பது அங்கு கேள்வியன்று. பல்கலைக்கழகத்தை ஏற்பது வேறு, தொழில்புரிய அனுமதிப்பது வேறு. வெளிநாட்டிலே மருத்துவம் பயின்ற இலங்கையர், இலங்கை மருத்துவ சபை ஏற்கும் கல்லூரியிற் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். அதன்மேல் பதிவுக்கெனத் தனிப் பரீட்சையிலும் சித்தியடைதல் வேண்டும். குறைந்த கட்டணத்தை எண்ணிக் கிழக்கு ஐரோப்பாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதனை முதலிலேயே அறிந்திருத்தல் நன்று. இன்னொன்று: இங்கிலாந்திற் சிறப்புப் பட்டம் பெரும்பாலும் மூன்றாண்டு, இலங்கையில் நான்காண்டு. ஆகவே பாடத்திட்டத்தையும் பாடவாரியான புள்ளிப் பத்திரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

மறுதிசையிலும் ஒரு சொல். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பட்டம் பெற்ற எம்மவர் பலர் இங்கு வந்து அப்பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கடைகளில் வேலை செய்தனர். 1997ஆம் ஆண்டு லிஸ்பனில் உருவான உடன்படிக்கை, ஆவணங்களை இழந்த அகதிகளின் கல்வித் தகைமையையும் மதிப்பிட வழிகாணுமாறு அதில் இணைந்த நாடுகளிடம் கோருகின்றது. பிரித்தானியாவும் அதில் இணைந்த நாடே. ஐம்பது வயதாகிவிட்டதே என்று தயங்கும் தந்தையரும் தாயரும் தம் பட்டத்துக்குரிய ஒப்பீட்டுச் சான்றிதழுக்கு இன்றும் விண்ணப்பிக்கலாம்.